புது வீட்டில் ஈரம் ஊறாமல் இருக்க: அத்திவாரம் மூடுமுன் பார்க்க வேண்டியவை



நலன்புரிக் காரியாலயத்துக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, வீடு புதுசுதான். ஆனா சுவரு அடியில நனைஞ்சே கெடக்கு. பெயின்ட் அடிச்சா ரெண்டு மாசத்துல உரிஞ்சு போகுது. என்னா காரணம்?" லயத்துக் காம்பராவில் ஈரம் என்றால் கட்டடம் பழசு என்று சொல்லி விட்டுவிடலாம். நேற்றுக் கட்டிய வீட்டில் ஏன் ஈரம்? அதைத்தான் இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஈரத்தைத் தடுக்கிற வேலை எல்லாம் அத்திவாரத்திலும் தரைக்கு அடியிலும்தான் நடக்கிறது. மண் போட்டு மூடிய பிறகு அது யார் கண்ணுக்கும் தெரியாது. அந்த வேலையைச் சரியாகச் செய்ய ஒரு நாள் போதும். மூடிய பிறகு திருத்துவதென்றால் வாரக் கணக்கு. ஆகவே வீட்டுக்காரர் கட்டாயம் பக்கத்தில் நிற்க வேண்டிய நாள் கூரை போடும் நாள் அல்ல. அத்திவாரம் மூடும் நாள்தான்.

இது ஏன் நமக்கு முக்கியம்?

லயம் கம்பெனியின் பொறுப்பு. ஒழுகினாலும் நனைந்தாலும் துரையிடம் போய்ச் சொல்லலாம். தனி வீடு அப்படி இல்லை. அதன் குறை நம்முடைய குறை. 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் வந்த பிறகு மலையகத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியே வந்திருக்கின்றன. இந்திய அரசின் உதவியில் மத்திய, ஊவா மாகாணங்களுக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில் இன்னும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. இவை தவிர, சேமலாப நிதிக் காசை எடுத்தும், பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைத்து அனுப்பும் காசிலும் சொந்தமாகக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். முப்பது வருஷம் கொழுந்து எடுத்த காசு ஒரே தடவைதான் கைக்கு வரும். அதை ஈரச் சுவரில் போடக் கூடாது.

காசு மட்டும் அல்ல. ஈரச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த அறையில் படுக்கிற பிள்ளைகளுக்கு இருமல், இழுப்பு, மூச்சுத் தொல்லை கூடுதலாக வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு அதே சுவரோரம் பிள்ளையைப் படுக்க வைத்தால் மருந்து என்ன செய்யும்?

தண்ணீர் மூன்று வழியில் வரும்

ஈரத்தைக் கண்டதும் "கூரை ஒழுகுது" என்று சொல்வது வழக்கம். எல்லா ஈரமும் கூரையில் இருந்து வருவதில்லை. எந்தத் தண்ணீர் என்று தெரியாமல் வைத்தியம் செய்யக் கூடாது.

முதலாவது, கீழே இருந்து ஏறுகிற தண்ணீர். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மண்ணில் இருக்கிற ஈரம் கல்லிலும் சீமெந்துக் கலவையிலும் உள்ள நுண்ணிய துளைகள் வழியாக ஏறும். சாதாரணமாக 3 அடி வரைக்கும் ஏறும். சுவரில் அலை அலையாக ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டில் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

இரண்டாவது, பக்கத்தில் இருந்து தள்ளுகிற தண்ணீர். மலையை வெட்டி வீடு கட்டினால் பின்சுவருக்கு வெளியே மண் நிற்கும். மழைத் தண்ணீர் அந்த மண்ணில் இறங்கிச் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். வெளிநாட்டில் குளிர் நாடுகளில் வீட்டுக்குக் கீழே நிலவறை கட்டுவார்கள். அவர்களுக்கு வருகிற தொல்லையும் இதேதான். நமக்கு நிலவறை கிடையாது. ஆனால் மண்ணுக்குள் பாதி புதைந்த பின்சுவர் நமக்கு நிலவறைச் சுவர் மாதிரித்தான்.

மூன்றாவது, வீட்டுக்குள் இருந்தே வருகிற தண்ணீர். சோற்றுப் பானை மூடியில் தண்ணீர் கோர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர் காலத்தில் குசினி ஆவியும், உள்ளே காயப் போட்ட உடுப்பின் ஈரமும், நம் மூச்சுக் காற்றும் குளிர்ந்த சுவரிலும் தகரக் கூரையிலும் பட்டுத் தண்ணீராகக் கோர்த்துக்கொள்ளும். காலாம்பர கூரை சொட்டினால் அது ஒழுக்கு என்று எண்ணி தாரைப் பூசுகிறோம். மழை இல்லாத நாளிலும் சொட்டினால் அது ஒழுக்கு அல்ல.

கண்டுபிடிக்க ஒரு சோதனை

ஒன்றரை அடிச் சதுரமாகப் பொலித்தீன் துண்டு ஒன்றை வெட்டி எடுங்கள். ஈரமாக இருக்கிற தரையிலோ சுவரிலோ நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப்பால் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். பிறகு பாருங்கள். பொலித்தீனுக்கு உள்பக்கம் தண்ணீர் கோர்த்திருந்தால், அல்லது அந்த இடம் கறுத்துப் போயிருந்தால் ஈரம் மண்ணில் இருந்து வருகிறது. வெளிப்பக்கம் கோர்த்திருந்தால் வீட்டுக் காற்றில் இருந்து வருகிறது. செலவில்லாத சோதனை. பிள்ளைகளைக் கொண்டும் செய்யலாம்.

இரத்மலானையில் ஒரு வீடு

நம் பிள்ளைகள் பல பேர் கொழும்புக்கு இறங்கிவிட்டார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் வேலை செய்கிறார்கள். அங்கே காணி வாங்க முடியாதவர்கள் இரத்மலானைப் பக்கம் பார்க்கிறார்கள். அப்படி ஒரு தோட்டக் குடும்பம், தகப்பனின் சேமலாப நிதிக் காசையும் இரண்டு மகன்மாரின் சம்பளத்தையும் சேர்த்து இரத்மலானையில் 6 பேர்ச் வாங்கிச் சின்ன வீடு ஒன்று கட்டியது. முதல் வெசாக் மழைக்கே சுவர் ஊறத் தொடங்கிவிட்டது. அவர்கள் கேட்டுக்கொண்டதால் நாமும் போய்ப் பார்த்தோம். அங்கே கண்டதை எழுதுவது எல்லோருக்கும் படிப்பினையாக இருக்கும்.

இரத்மலானை மேற்கே கடல். கிழக்கே அத்திடிய சதுப்பு நிலம். பெல்லன்வில, அத்திடிய சதுப்பு நிலம் 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பக்கம் நிலம் தாழ்வு. தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர். அவர்கள் வாங்கியதும் முன்பு பள்ளமாக இருந்து மண் போட்டு நிரப்பிய காணிதான். அங்கே மலை இல்லை. பக்கத்தில் இருந்து தள்ளும் தண்ணீரும் இல்லை. எல்லாம் கீழே இருந்து ஏறுகிற தண்ணீர்.

பொலித்தீன் சோதனையில் உள்பக்கம் தண்ணீர் கோர்த்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்ததில் நான்கு குறைகள் தெரிந்தன.

1. வெளிச் சுவர்களுக்கு மட்டும் அத்திவாரத்தின் மேல் ஈரத் தடுப்புப் படை போட்டிருந்தார்கள். நம் பாஸ்மார் இதை டி.பி.சி. என்று சொல்லுவார்கள். உள்ளே அறைகளைப் பிரிக்கிற சுவர்களுக்குப் போடவில்லை. "உள் சுவர்தானே, மழை படாதே" என்பது பாஸின் கணக்கு. மண்ணில் இருந்து ஏறும் தண்ணீருக்கு உள் சுவர், வெளிச் சுவர் என்ற பேதம் இல்லை.

2. தரைக் கொங்கிரீட்டுக்கு அடியில் பொலித்தீன் விரிக்கவில்லை.

3. வெளிப் பூச்சை மண்ணுக்குள் வரைக்கும் இறக்கிப் பூசியிருந்தார்கள். டி.பி.சி. சரியாக இருந்தாலும், பூச்சு அதற்கு ஒரு பாலம் மாதிரி. தண்ணீர் பூச்சின் வழியாக அதைத் தாண்டி மேலே ஏறிவிட்டது.

4. வீடு குடிபோன பிறகு முன்பக்கம் பூப்பாத்தி கட்டி, டி.பி.சி.க்கு மேலே வரைக்கும் மண் குவித்திருந்தார்கள். இதற்கு பாஸைக் குறை சொல்ல முடியாது.

முதலில் பூப்பாத்தி மண்ணை வெட்டி எடுத்தார்கள். வெளிப் பூச்சை டி.பி.சி. மட்டத்துக்குக் கீழே வெட்டிப் பிரித்தார்கள். இரண்டும் அரை நாள் வேலை. வெளிச் சுவர் மெல்ல மெல்லக் காயத் தொடங்கியது. ஆனால் உள் சுவர்களுக்கு அப்படிச் சின்ன வைத்தியம் இல்லை. சுவரின் அடிவரிசைக் கல்லை ஒரே நேரத்தில் 2 அடிக்கு மேல் போகாமல் கழற்றி, படை வைத்து, திரும்பக் கட்டி, அது இறுகிய பிறகு அடுத்த துண்டைக் கழற்ற வேண்டியிருந்தது. அவசரப்பட்டு நீளமாகக் கழற்றினால் சுவரே இறங்கிவிடும். தரையையும் உடைத்துப் பொலித்தீன் விரித்துத் திரும்பப் போட்டார்கள். மூன்று வாரம் குடும்பம் முழுவதும் ஒரு அறையில் முடங்கிக் கிடந்தது. பெரியவர் சொன்ன வார்த்தை இது: "கட்டுறப்ப ஒரு நாள் லீவு போட்டு நின்னிருந்தா இந்த மூணு வாரம் மிச்சம்."

மலையில் கட்டும்போது: பின்சுவர்

இரத்மலானைக்குப் பொருந்துவது முழுவதும் மலைக்குப் பொருந்தாது. நமக்குப் பெரிய எதிரி பின்னால் இருந்து வருகிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். 550 சதுர அடிக் கூரையில் 1 அங்குல மழை விழுந்தால் ஏறக்குறைய 1,300 லீற்றர் தண்ணீர். அதாவது பெரிய பெரல் ஆறு. பீலி இல்லாத வீட்டில் இந்த ஆறு பெரல் தண்ணீரும் சுவரோரத்திலேயே கொட்டுகிறது. மேட்டில் இருந்து வடிகிற தண்ணீர் வேறு. நம் தென்மேல் பருவ மழையில் ஒரு நாளைக்கு 3, 4 அங்குலம் பெய்வது புதிது அல்ல.

இதற்கு மருந்து நமக்குத் தெரியாதது அல்ல. தேயிலை மலையில் கான் ஏன் வெட்டுகிறோம்? மேலே இருந்து வரும் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல், குறுக்கே பிடித்துப் பக்கமாக விடுவதற்கு. வீட்டுக்கும் அதே முறைதான். மேட்டுப் பக்கம் ஒரு கான் வெட்டி, தண்ணீர் வீட்டை நெருங்குமுன் பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். அந்தத் தண்ணீர் அடுத்த வீட்டுக்காரரின் அத்திவாரத்தில் போய் விழாமல் பெரிய கானில் சேர வேண்டும். இதைப் பக்கத்து வீட்டாருடன் பேசித்தான் செய்ய வேண்டும்.

பின்சுவரை வெட்டிய மண்ணோடு ஒட்டிக் கட்டக் கூடாது. ஆள் நடந்து போய்க் கானைத் துப்புரவு செய்யக் குறைந்தது 3 அடி இடைவெளி வேண்டும். இது ஈரத்துக்கான அளவு மட்டும். மண்சரிவுக்கான இடைவெளி வேறு. வெட்டு எவ்வளவு உயரமோ, சரிவு எவ்வளவு செங்குத்தோ, அதைப் பொறுத்து அது கூடும். அதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்தான் சொல்ல வேண்டும். அதன் அனுமதி இல்லாமல் மலைச் சரிவில் மண் வெட்ட வேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியின்போது மலை மாவட்டங்களில் நடந்ததையும் நாம் மறக்க முடியாது. பின்பக்கம் திடீரென்று புது ஊற்றுக் கிளம்பினாலோ, நிலத்தில் வெடிப்புக் கண்டாலோ அது வெறும் ஈரம் அல்ல. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறி, கிராம சேவகருக்கு அறிவியுங்கள்.

இடம் போதாமல் பின்சுவருக்கு மண் அணைய வேண்டி வந்தால், வெளிப்பக்கம் கெட்டியான சீமெந்துப் பூச்சுப் பூசி, காய்ந்த பிறகு தார் இரண்டு தடவை பூச வேண்டும். சுவருக்கும் மண்ணுக்கும் இடையில் ஓர் அடி அகலத்துக்குக் கல் நிரப்பி, அடியில் துளையிட்ட குழாய் ஒன்று வைத்து, தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும். தார் மட்டும் பூசி, தண்ணீர் போக வழி வைக்காவிட்டால் சில வருஷத்தில் தண்ணீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். மண்ணைத் தாங்கும் மதில் கட்டினால் அதில் தண்ணீர் வடிகிற துளைகள் விட வேண்டும்.

அத்திவாரம் மூடுமுன்: வீட்டுக்காரர் பார்க்க வேண்டிய ஏழு

இதை வெட்டி எடுத்து வேலை நடக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. டி.பி.சி. மட்டம் வெளி நிலத்தை விடக் குறைந்தது 6 அங்குலம் உயரமா? பாதை பிறகு உயர்த்தப்படும் என்று தெரிந்தால் இன்னும் கூட்டுங்கள்.

2. ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல் கலவையில் முக்கால் அங்குலப் படை போடப்பட்டதா? அது காய்ந்த பிறகு தார் இரண்டு தடவை பூசி, மேலே மணல் தூவப்பட்டதா?

3. உள் சுவர், குளியலறைச் சுவர், வாசல் படிச் சுவர் எல்லாவற்றுக்கும் படை விடுபடாமல் போகிறதா? மூலைகளைக் குனிந்து பாருங்கள்.

4. தரைக்கு அடியில் மண் நன்றாகத் தட்டப்பட்டதா? அதன் மேல் கனமான பொலித்தீன் விரித்தார்களா? இரண்டு துண்டு சேரும் இடத்தில் ஓர் அடி மேல்படிய வேண்டும். ஓரங்கள் சுவர்ப் படையோடு சேர வேண்டும்.

5. கொங்கிரீட் கொட்டும்போது மண்வெட்டி பட்டுப் பொலித்தீன் கிழியவில்லையா? கிழிந்தால் அப்போதே மேலே இன்னொரு துண்டு போடச் சொல்லுங்கள்.

6. மணல் எங்கே இருந்து வந்தது? கழுவாத கடல் மணலில் உப்பு உண்டு. உப்பு காற்றில் உள்ள ஈரத்தையும் இழுக்கும், கம்பியையும் துருப்பிடிக்க வைக்கும். கொழும்புப் பக்கம் கட்டுகிறவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

7. வீட்டைச் சுற்றி நிலம் வெளிப்பக்கமாகச் சரிகிறதா? பீலித் தண்ணீர் எங்கே விழும், அங்கே இருந்து எங்கே போகும் என்று பாஸால் காட்ட முடிகிறதா?

பாஸிடம் எப்படிப் பேசுவது?

சண்டை போட வேண்டாம். நல்ல பாஸ் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். வேலை தொடங்குமுன், "பாஸ், டி.பி.சி. போடுற அன்னிக்கு நான் வரணும், ஒரு நாள் முந்திச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் எழுதும்போது அதையும் ஒரு வரியாக எழுதுங்கள். காசைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். கடைசிப் பகுதியில் கொஞ்சத்தை, ஒரு மழைக்காலம் கழித்துத் தருவதாகப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். அவரும் கூலிக்கு உழைக்கிறவர். முன்கூட்டிப் பேசாமல் பிறகு காசைப் பிடித்து வைப்பது நியாயம் இல்லை. ஒவ்வொரு கட்டத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பிறகு குறை வந்தால் பேச அது சாட்சி.

திட்ட வீடுகளில் பயனாளிகள் ஒன்றாக நின்று பார்ப்பது இன்னும் நல்லது. பத்துக் குடும்பம் சேர்ந்து கேட்டால் பதில் வரும்.

கேள்வியும் பதிலும்

கேள்வி: ஏற்கெனவே ஊறிய சுவருக்கு மேலே திரும்பச் சீமெந்து பூசினால் சரியாகுமா?

பதில்: சரியாகாது. ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் மேலே ஏறும். முதலில் தண்ணீர் வரும் வழியை அடைக்க வேண்டும். பிறகு உப்புப் பூத்த பூச்சை, ஈரக் கோட்டுக்கு ஓர் அடி மேலே வரைக்கும் கொத்தி எடுத்துச் சுவரைக் காயவிட வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்பது கட்டடக்காரர் கணக்கு. 6 அங்குலச் சுவருக்கு ஆறு மாதம். பொறுமை வேண்டும்.

கேள்வி: காலாம்பர கூரையும் சுவரும் வேர்க்கிறது. என்ன செய்வது?

பதில்: அது மூன்றாவது வழி. குசினிக்குப் புகைக்கூடு வையுங்கள். சமைக்கும்போது யன்னலைத் திறவுங்கள். ஈர உடுப்பை உள்ளே காயப் போடுவதைக் குறையுங்கள். சுவர் உச்சியில் காற்றுப் போகத் துவாரம் விடுங்கள். வசதி வந்தபோது தகரத்துக்குக் கீழே சீலிங் அடித்தால், நமக்குக் கம்பளி மாதிரி வீட்டுக்கு அது.

கேள்வி: காணி பார்க்க எந்த மாதம் நல்லது?

பதில்: மழை மாதம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கமும் இரத்மலானையிலும் மே முதல் செப்டெம்பர் வரையில் போய்ப் பாருங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையில் பாருங்கள். வெயில் காலத்தில் எல்லாக் காணியும் நல்ல காணியாகத்தான் தெரியும்.

வீட்டில் கூடிப் பேச

ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக இருந்து இந்த மூன்றையும் செய்து பாருங்கள். ஒன்று, பொலித்தீன் சோதனை. இரண்டு, மழை பெய்யும்போது குடையோடு வீட்டைச் சுற்றி வந்து, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று, சுவரோரம் குவிந்த மண், விறகு, பூப்பாத்தி இவற்றை டி.பி.சி. மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். இந்த மூன்றுக்கும் ஒரு சதம் செலவில்லை.

கட்டப் போகிறவர்கள் மேலே சொன்ன ஏழையும் பிள்ளைகளிடம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கையால் அள்ளிய மண்ணைப் பற்றி நம்மை விடத் தெரிந்தவர்கள் யார்? சந்தேகம் இருந்தால் அத்திவாரம் மூடுமுன் காரியாலயத்துக்கு வந்து கேளுங்கள். மூடிய பிறகு வராதீர்கள் என்று சொல்லவில்லை. முந்தி வந்தால் செலவு குறைவு.